டர்போ டீசல் எஞ்சினை ஆறவிட்டு அணைப்பது எப்படி?

நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் வந்து, ஓரம்கட்டிய மறுகணமே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பது டர்போ உள்ள டீசல் வண்டிக்கு ஆகாது. இதை வண்டி வைத்திருக்கும் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும், எப்போது ஆறவிடத் தேவையே இல்லை, ஆறிவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும். அரை நிமிடம் போதும் என்பார் ஒருவர். ஐந்து நிமிடம் வேண்டும் என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். எஞ்சின் அதற்கு முன் என்ன பாடு பட்டது என்பதுதான் கணக்கு. என் வண்டியில் புகையின் வெப்பநிலையை அளந்து பார்த்து நான் வகுத்துக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

அணைத்த பிறகு உள்ளே நடப்பது

டர்போவில் ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சக்கரங்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை டர்பைன் சக்கரத்தைச் சுழற்றும். மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். கார் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும். சிறிய டர்போக்கள் 2,00,000-ஐயும் தாண்டும். இவ்வளவு வேகத்தில் சுழலும் தண்டைப் பெரும்பாலான டீசல் வண்டிகளில் தாங்கி நிற்பது ஆயில் படலத்தில் மிதக்கும் புஷ் வகைப் பேரிங்தான். அந்த ஆயிலை அனுப்புவது எஞ்சினின் ஆயில் பம்ப். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்.

முழுப் பாரத்தில் இழுக்கும்போது டர்போவுக்குள் நுழையும் புகை 700 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, அதே புகை 100 முதல் 200 டிகிரிதான். மேடேறி வந்த சூட்டோடு எஞ்சினை அணைத்தால், வார்ப்பிரும்பால் ஆன டர்பைன் கூடும், எஞ்சினிலிருந்து டர்போவுக்குப் புகையைக் கொண்டு வரும் மேனிஃபோல்டும் அந்தச் சூட்டைத் தேக்கி வைத்திருக்கும். அடுப்பை அணைத்த பிறகும் கனத்த இரும்புச் சட்டி காய்ந்துகொண்டே இருப்பது போலத்தான். வெளியேற வேறு வழியில்லாத சூடு தண்டு வழியாக நடுவில் உள்ள பேரிங் பகுதிக்கு ஏறும். அதனால் பேரிங்கின் வெப்பநிலை எஞ்சின் நின்ற பிறகுதான் உச்சத்துக்குப் போகிறது. அங்கே ஓட்டமின்றித் தேங்கி நிற்கும் ஆயில் கருகிக் கரியாகப் படியும்.

கழற்றிய டர்போ ஒன்றைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கம்ப்ரசர் பக்கம் தண்டு பளபளவென்று இருந்தது. டர்பைன் பக்கம் அதே தண்டு கருநீலமாக நிறம் மாறியிருந்தது. ஆயில் வடிந்து இறங்கும் துளையின் ஓரம் முழுக்கக் கறுப்புப் பொருக்கு. துணியால் துடைத்தால் வரவில்லை. ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டியபோது செதில் செதிலாக உதிர்ந்தது. துளையின் வாயில் பாதியை அந்தப் பொருக்கே அடைத்திருந்தது. வடிய வழியில்லாத ஆயில் சீல்களைத் தாண்டிப் புகைக்குழாய்க்குள் போகும். அப்போதுதான் சைலன்சரில் நீலப் புகை வரும்.

இப்போதைய கார்கள் பலவற்றில் பேரிங் பகுதியைச் சுற்றிக் கூலன்ட் ஓடுகிறது. எஞ்சின் நின்ற பிறகும் சூடான நீர் மேலேறி, குளிர்ந்த நீர் அதன் இடத்துக்கு வருவதால் ஓரளவு ஓட்டம் தொடரும். இது பெரிய பாதுகாப்பு. ஆனாலும் கடும் ஏற்றத்துக்குப் பிறகு உடனே அணைப்பதற்கு இதை உரிமமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வண்டியின் கையேட்டில் இதற்கென்று ஒரு குறிப்பு இருந்தால், நான் சொல்வதை விட அதுவே முதன்மையானது.

படி 1: எஞ்சின் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்

நகருக்குள் நெரிசலில் ஊர்ந்து வந்து வீட்டு வாசலில் நிறுத்துகிறீர்களா? ஆறவிடத் தேவையில்லை. வண்டியை ஒதுக்கி, சீட் பெல்ட்டைக் கழற்றும் நேரமே போதும். நெடுஞ்சாலை வேகத்திலிருந்து நேராக வந்து நின்றால் ஒன்று முதல் இரண்டு நிமிடம். நீண்ட ஏற்றம், டிரெய்லர் இழுவை, முழுச் சுமை, உழவு முடித்த டிராக்டர் என்றால் மூன்று முதல் ஐந்து நிமிடம்.

டர்போ அதிகம் அடிபடுவது இரண்டு இடங்களில். ஒன்று, நெடுஞ்சாலையை ஒட்டிய பெட்ரோல் பங்க்: வேகத்திலிருந்து பம்புக்கு முப்பது வினாடியில் வந்துவிடுகிறோம், எரிபொருள் நிரப்ப எஞ்சினை அணைத்தே ஆக வேண்டும். இன்னொன்று மலை உச்சியில் இயற்கைக் காட்சி பார்க்க நிறுத்துவது. பங்க்கில் வரிசைக்கு முன்பே ஒதுங்கி நின்று ஆறவிட்டுப் பிறகு பம்புக்குப் போங்கள்.

படி 2: கடைசி சில கிலோமீட்டரை மென்மையாக ஓட்டுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் பழக்கமாக்கிக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் தேவைப்படாது. நிற்கப் போகும் இடத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்பே ஆக்சிலரேட்டரில் காலை லேசாக்குங்கள். எஞ்சின் வேகம் 1,500 முதல் 2,000 சுற்றுக்குள் இருக்கட்டும். முந்திச் செல்வது வேண்டாம்.

நின்ற இடத்தில் ஐடிலில் விடுவதை விட இது மேல் என்பது என் திடமான கருத்து. ஓடும் எஞ்சினில் ஆயில் அழுத்தம் நன்றாக இருக்கும், பேரிங்குக்கு நிறைய ஆயில் போகும். முன்னால் இருந்து காற்று அடிக்கும். புகையும் அதிகச் சூடில்லாமல் போய், டர்பைன் கூட்டின் சூட்டைத் தன்னோடு எடுத்துச் செல்லும். மெதுவாக ஓட்டுவதில் எரிபொருளும் வீணாவதில்லை.

படி 3: நின்ற பிறகு

நியூட்ரலுக்கு மாற்றுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள், ஏசியை அணையுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம். வண்டி நின்றதும் எஞ்சினைத் தானாக நிறுத்தும் வசதி இருந்தால், நிற்பதற்கு முன்பே அதன் பொத்தானை அழுத்தி முடக்கிவிடுங்கள். மலையேறி வந்த அன்று இது மறந்துபோகக் கூடாது. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட வேண்டாம், புகை உயிருக்கு ஆபத்து. காய்ந்த புல்லின் மேலும் நிறுத்தாதீர்கள். அடியில் இருக்கும் குழாயின் சூட்டிலேயே புல் பற்றிக்கொள்ளும்.

படி 4: ஆறிவிட்டது என்று எப்படி அறிவது?

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் பார்ப்பது டேஷ்போர்டில் உள்ள வெப்பநிலை முள்ளை. அது நடுவில் நிற்கிறது, எனவே எஞ்சின் சூடாக இல்லை என்று முடிவு செய்துவிடுகிறோம். அந்த முள் காட்டுவது கூலன்டின் சூட்டை. கூலன்டை 90 டிகிரியை ஒட்டி வைத்திருப்பதற்கென்றே தெர்மோஸ்டாட் இருக்கிறது. மேடேறினாலும் சமதரையில் ஓடினாலும் அது ஏறக்குறைய அங்கேயேதான் நிற்கும். போதாக்குறைக்கு, இப்போதைய வண்டிகள் பலவற்றில் கூலன்ட் சில டிகிரி ஏறி இறங்கினாலும் முள் அசையாதபடியே அமைத்திருக்கிறார்கள். டர்பைன் கூடு 600 டிகிரியில் இருந்தாலும் இந்த முள்ளுக்குத் தெரியாது. ஆறவிடும் விஷயத்தில் இந்த முள்ளை மறந்துவிடுங்கள்.

சரி, புகையின் வெப்பநிலையைக் காட்டும் மீட்டர் இருந்தால்? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மேட்டில் 600-க்கு மேல் நிற்கும் எண், காலை எடுத்த சில வினாடிகளில் 300-க்குக் கீழே சரியும். மீட்டரை நம்பி அப்போதே அணைத்தால் தவறு. அது காட்டுவது கடந்து செல்லும் புகையின் சூட்டை. கூட்டின் இரும்பு இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது. இறக்கத்தில் கியரோடு உருண்டு வரும்போது நிலைமை இன்னும் ஏமாற்றும். அப்போது எஞ்சினுக்கு எரிபொருளே போவதில்லை, வெறும் காற்று மட்டும் உள்ளே போய் வெளியே வருகிறது. எண் தரைமட்டத்துக்கு விழும். நின்று ஐடிலுக்கு வந்ததும் மீண்டும் கொஞ்சம் ஏறும்.

ஆகவே எண் எவ்வளவு என்பதோடு, அது நிலைத்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். நான் கடைப்பிடிப்பது இது: ஐடிலில் 200 டிகிரிக்குக் கீழே வந்து, மேலும் இறங்காமல் ஒரு நிமிடமாவது ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இரும்பிலிருந்து புகைக்கு ஏறும் சூடு குறைந்துவிட்டது என்பதற்கு அந்த நிலைத்தன்மையே அடையாளம். மீட்டர் இல்லாதவர்கள் முதல் படியில் சொன்ன நிமிடக் கணக்கைப் பின்பற்றினால் போதும்.

படி 5: அணைப்பது

சாவியைத் திருப்புங்கள், அவ்வளவுதான். அணைப்பதற்கு முன் ஒருமுறை ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவிடும் பழக்கம் பழைய ஓட்டுநர்கள் சிலரிடம் உண்டு. டர்போ வண்டியில் இதைச் செய்யவே கூடாது. உறுமலில் டர்போ தண்டு வேகமெடுக்கும், அதே நொடியில் ஆயில் நின்றுபோகும், தண்டு ஆயிலின்றிச் சுழன்றபடியே ஓயும். சூட்டை விட இது உடனடிக் கேடு.

கருவிகள் பற்றி

சாவியை எடுத்த பிறகும் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டுத் தானாக அணைக்கும் டர்போ டைமரை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆளில்லாத வண்டியில் எஞ்சின் ஓடுவது திருடனுக்கு வசதி. கியரில் விட்டுப் போனால் அதைவிட ஆபத்து. எஞ்சின் ஓடும் வண்டியைத் தனியே விடுவது சட்டப்படி குற்றமாகும் நாடுகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தேவையுள்ள நாளுக்கும் தேவையில்லாத நாளுக்கும் அது வேறுபாடு பார்க்காது.

புகைக்கரி வடிகட்டி உள்ள புதிய வண்டிகள் பலவற்றில் புகையின் வெப்பநிலையை அளக்கும் சென்சார்கள் ஏற்கெனவே இருக்கின்றன. வண்டியின் பழுதறியும் இணைப்பான ஓபிடி சாக்கெட்டில் செருகும் ஒரு சிறிய புளூடூத் கருவியும் கைபேசியில் ஒரு செயலியும் இருந்தால் அந்த எண்ணைப் படித்துவிடலாம். என் முதல் தேர்வு இதுதான். பழைய வண்டி என்றால் கே வகைத் தெர்மோகப்பிள் (அதிகச் சூட்டை அளக்கும் சென்சார்) உள்ள மீட்டர். டர்போவுக்கு முன்னால் மேனிஃபோல்டில் பொருத்தினால் உண்மையான எண் கிடைக்கும். பின்னால் பொருத்தினால் பாரத்தில் நூறு டிகிரிக்கு மேல் குறைத்தே காட்டும். மேனிஃபோல்டைக் கழற்றாமல் துளையிட்டால் இரும்புத்தூள் டர்பைன் சக்கரத்துக்குள் போகும். கழற்றித் துளையிடும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

ஆயிலிலும் சிக்கனம் வேண்டாம். கையேடு சொல்லும் தரத்தில் நல்ல சிந்தெடிக் ஆயில், குறித்த இடைவெளியில் மாற்றம். சிந்தெடிக் ஆயில் சூட்டில் எளிதில் கருகாது.

அளவுக்கு மீறினால்

ஐந்து நிமிடம் நல்லது என்றால் இருபது நிமிடம் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். டீசல் எஞ்சின் ஐடிலில் போதிய சூடு பிடிக்காது. எரிபொருள் முழுமையாக எரியாமல் கரி சேரும். டர்போவின் நகரும் தகடுகளிலும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்விலும் வடிகட்டியிலும் அது படியும். எரிபொருள் ஆயிலோடு கலக்கவும் செய்யும். இரண்டு நிமிடத்துக்குச் செலவாகும் டீசல் அற்பம்: கார் எஞ்சின் ஐடிலில் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும் என்று வைத்தால் 17 முதல் 33 மில்லி. அதை மிச்சப்படுத்த அவசரப்பட வேண்டாம். தினமும் இருபது நிமிடம் விடவும் வேண்டாம்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"மெதுவாகத்தான் ஓட்டி வந்தேன், நின்றதும் ரேடியேட்டர் விசிறி சீறுகிறது, கருகிய வாடை வருகிறது, ஏன்?" என்று கேட்டிருந்தார்கள். புகைக்கரி வடிகட்டி தன்னில் சேர்ந்த கரியை எரித்துக்கொண்டிருக்கிறது. வடிகட்டியின் உள்ளே அப்போது 600 டிகிரியை ஒட்டிய சூடு. ஐடில் வேகம் வழக்கத்தை விடச் சற்று உயர்ந்திருக்கும், தானாக நிற்கும் வசதி வேலை செய்யாது, எரிபொருள் செலவு மீட்டரில் கூடுதலாகத் தெரியும். நகரில் ஊர்ந்து வந்தால் ஆறவிட வேண்டாம் என்ற என் முதல் படிக்கு இது விதிவிலக்கு. முடிந்தால் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் சீராக ஓட்டி அந்த வேலையை முடிக்கவிடுங்கள். பாதியில் அணைப்பது தொடர்ந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், ஆயிலில் டீசல் கலந்து அளவுக்கோலில் ஆயில் மட்டம் ஏறும்.

டர்போ மாற்றியவர் ஒருவருக்குப் புதிய டர்போவும் சீக்கிரமே போய்விட்டதாம். ஆயில் வரும் குழாயையும் சேர்த்து மாற்றினார்களா என்று கேளுங்கள். பழைய குழாய்க்குள் கரி இருந்தால் புதிய பேரிங்குக்கும் ஆயில் போகாது.

பாரத்தோடு மேட்டில் இழுக்கும்போது எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது? உடனே மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டின் உச்சத்தில் ஆயில் நின்ற நிலை அது, ஆற அமர யோசிக்கும் நேரமல்ல. ஸ்டார்ட் செய்து, பாரமில்லாமல் சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு தேவைப்பட்டால் அணையுங்கள்.

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ஆயில் அழுத்தம் இல்லாமல் ஐடிலில் விடும் ஒவ்வொரு நொடியும் டர்போவை மட்டுமல்ல, எஞ்சினின் பேரிங்குகளையும் தின்றுவிடும். பாதுகாப்பாக ஒதுக்கி உடனே அணைத்துவிடுங்கள். ஆயில் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தது என்றால் மீண்டும் ஸ்டார்ட் செய்யாமல் வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.