பாட்டு நடுவில் ஒலி வெட்டுகிறதா? வைஃபை டிரைவரைச் சோதிப்பது எப்படி

விண்டோஸ் கணினியில் பாட்டு ஓடும்போது நடுநடுவே 'டக்', 'கிர்ர்' என்று ஒலி வெட்டினால் பலரும் முதலில் ஸ்பீக்கரைத்தான் மாற்றுவார்கள். செலவு செய்வதற்கு முன் வைஃபை டிரைவரை, அதாவது வைஃபை கருவியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை, ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

வைஃபைக்கும் ஒலிக்கும் என்ன சம்பந்தம்? ஒலி சிறு சிறு துண்டுகளாகத்தான் சவுண்ட் சிப்புக்குப் போகிறது. விண்டோஸில் ஒரு துண்டு வழக்கமாக 10 மில்லிசெகண்ட். அடுத்த துண்டு நேரத்துக்கு வராவிட்டால் ஒலி அறுந்துவிடும். டிரைவர்களின் அவசர வேலைகளுக்குச் சாதாரண புரோகிராம்களைவிட முன்னுரிமை உண்டு. அப்படிப்பட்ட ஒரு வேலையை 100 மைக்ரோசெகண்டுக்குள் (0.1 மில்லிசெகண்ட்) முடிக்க வேண்டும் என்பது டிரைவர் எழுதுபவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் வரம்பு. கோளாறான டிரைவர் அதைப் பல மில்லிசெகண்ட் இழுத்தடிக்கும். அதுவரை பாட்டு காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

படி 1: சரியான பாட்டைப் போடுங்கள். கணினியிலேயே சேமித்த பாட்டாக இருக்கட்டும். யூடியூபில் போட்டால், வெட்டுவது இணையமா டிரைவரா என்று தெரியாது. புளூடூத் ஹெட்செட்டும் வேண்டாம். அதுவும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மோதிக்கொள்ளலாம். வயர் ஹெட்போனே நல்லது.

படி 2: வைஃபையை முடக்குங்கள். இதுதான் முக்கியமான சோதனை, அவசரப்படாதீர்கள். ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் பட்டியலில் வைஃபை அல்லது வயர்லெஸ் என்று இருப்பதை ரைட் கிளிக் செய்து 'டிசேபிள் டிவைஸ்' கொடுங்கள். டாஸ்க்பாரில் வைஃபையை அணைத்தால் மட்டும் போதாது, டிரைவர் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது ஒரு பத்து நிமிடம் கேளுங்கள். வெட்டும் சத்தம் போய்விட்டதா? சரி, உடனே முடிவு கட்ட வேண்டாம். மறுபடி 'எனேபிள்' செய்யுங்கள். சத்தம் திரும்பி வந்தால்தான் வைஃபை மேல் குற்றம் சொல்லலாம். முடக்கிய பிறகும் வெட்டினால் காரணம் வேறு, கிராஃபிக்ஸ் டிரைவரைக் கவனியுங்கள்.

படி 3: அளந்து பாருங்கள். எந்த டிரைவர் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கும் லேட்டன்சிமான் (LatencyMon) என்ற புரோகிராமை நிறுவி, மேலே உள்ள ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, பாட்டை ஓடவிடுங்கள். அப்புறம் 'டிரைவர்ஸ்' பக்கத்தில் 'ஹையஸ்ட் எக்ஸிக்யூஷன்' தலைப்பைக் கிளிக் செய்து, அதிக நேரம் எடுத்தது மேலே வரும்படி அடுக்குங்கள். என்டிஐஎஸ்.சிஸ் (ndis.sys) மேலே வந்தால் நெட்வொர்க் பக்கம் சிக்கல் என்று பொருள். அது எல்லா நெட்வொர்க் டிரைவர்களுக்கும் பொதுவான கோப்பு. அதனால்தான் படி 2 இல்லாமல் இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

படி 4: சரிசெய்யுங்கள். கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை இறக்கி நிறுவுங்கள். சமீபத்திய அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்ததா? அப்படியென்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபையின் 'பிராப்பர்ட்டீஸ்', 'டிரைவர்' பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கம் தென்பட்டால், மின்சாரம் மிச்சப்படுத்த வைஃபையை அணைக்கும் அனுமதியையும் எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே பாட்டைப் போட்டு, லேட்டன்சிமானை மீண்டும் ஓட்டுங்கள். பலன் தந்த டிரைவர் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். விண்டோஸ் அப்டேட் அதை மாற்றிவிட்டால் திரும்ப நிறுவ உதவும்.