சிறுநீர்ப்பைக்குள் மின்னோட்டத்துடன் மருந்து: சிகிச்சைக்குச் செல்வோர் தயாராகும் முறை

சிறுநீர்ப்பையின் தசையடுக்கைத் தொடாத புற்றுக்கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகும், அது மீண்டும் முளைப்பது மிகவும் சாதாரணம். அதைத் தடுக்க மைட்டோமைசின் மருந்தைக் குழாய் வழியாகப் பைக்குள் நிரப்புகிறார்கள். ஆனால் சிறுநீரை உள்ளே கசியவிடாத உட்சுவர் மருந்தையும் எளிதில் அனுமதிப்பதில்லை. பைக்குள் நேர்மின்முனையையும் அடிவயிற்றுத் தோலில் எதிர்மின்முனையையும் வைத்து மெல்லிய துடிப்பு மின்னோட்டத்தைச் செலுத்தினால், சோடியம் அயனிகள் சுவரை நோக்கி நகரும்போது நீரும், நீரோடு மருந்தும் ஆழமாகச் செல்கின்றன.

ரோம் நகரில் சவினோ டி ஸ்டாசி குழுவினர், மீண்டும் வரும் ஆபத்து மிகுந்த 108 நோயாளிகளிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதங்களில் முழுப் பலன் கண்டோர் மின்னோட்டத்துடன் 58 விழுக்காடு, மருந்தை நிரப்பி மட்டும் வைத்தபோது 31 விழுக்காடு, நோயெதிர்ப்பைத் தூண்டப் பைக்குள் செலுத்தும் பி.சி.ஜி. என்ற தடுப்பூசி மருந்தைப் பெற்றவர்களில் 64 விழுக்காடு. நம்பிக்கை தரும் எண்கள்தாம். ஆனால் இம்முறைக்கான சான்றுகள் பெரும்பாலும் சில குழுக்களிடமிருந்தே வந்தவை என்பதால், பி.சி.ஜி.க்கு மாற்றாக இதைக் கேட்பதற்கு முன் உங்கள் சிறுநீரியல் மருத்துவரிடம் காரணத்தைத் தெளிவாகக் கேட்டறியுங்கள்.

இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, சிறுநீரில் தொற்றோ கண்ணுக்குத் தெரியும் இரத்தமோ இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அறுவைச் சிகிச்சையில் பையில் துளை ஏற்பட்டிருந்தால் மருந்தை நிரப்பவே கூடாது.

நீங்கள் செய்யக்கூடியவற்றில் முதன்மையானது, சிகிச்சைக்கு முந்தைய சில மணி நேரம் நீர், தேநீர், காபி ஆகியவற்றைக் குறைப்பது. பைக்குள் சிறுநீர் சேரச் சேர மருந்து நீர்த்துப் போகும் என்பதே இதற்குக் காரணம். நீரிழிவுக்கோ இதயத்துக்கோ மருந்து உட்கொள்பவர்கள் எவ்வளவு குறைக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அமிலத்தன்மை மிக்க சிறுநீர் மைட்டோமைசினைச் சிதைக்கும் என்பதால் சோடியம் பைகார்பனேட் எழுதித் தந்திருந்தால், அதைத் தவறவிட வேண்டாம்.

மேசையில் படுத்ததும் மின்முனை பொருந்திய வடிகுழாயைச் செருகி, பையை முழுவதுமாக வடித்துவிட்டு, 40 மில்லிகிராம் மருந்து 100 மில்லிலிட்டர் நீரில் கரைந்த ஊதா நிறக் கரைசலைச் செலுத்துவார்கள். அடிவயிற்றில் ஒட்டும் பட்டைகள் தோலோடு முழுமையாகப் படிய வேண்டும். ஓரம் தூக்கிக்கொண்டால் மின்னோட்டம் ஒரே இடத்தில் குவிந்து தோல் புண்ணாகலாம் என்பதால், அன்று அங்கே எண்ணெயோ களிம்போ பூசாதீர்கள். மின்னோட்டம் படிப்படியாக 20 மில்லி ஆம்பியருக்கு உயர்ந்து, சுமார் 30 நிமிடம் நீடிக்கும். பட்டையின் அடியில் குறுகுறுப்பு இயல்பே. ஓரிடத்தில் மட்டும் சுரீரென எரிந்தால், பொறுத்துக்கொள்ளாமல் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

மருந்து வடிந்த பிறகு நீர் தாராளமாகக் குடிக்கலாம். முதல் ஆறு மணி நேரம் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, மூடியை மூடி நீரூற்றி, கைகளையும் பிறப்புறுப்பையும் சோப்பிட்டுக் கழுவுங்கள். இல்லாவிடில் மைட்டோமைசின் பட்ட தோலில் தடிப்பு வரக்கூடும். ஓரிரு நாள் எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் போவதும் இருக்கும். காய்ச்சல், குளிர்நடுக்கம், சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவற்றில் எது ஏற்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும், மருத்துவர் குறித்துத் தரும் நாள்களில் சிறுநீர்ப்பையை உள்நோக்கிப் பார்க்கும் பரிசோதனைக்குத் தவறாமல் செல்லுங்கள்.