லைலாக் பூக்கவில்லையா? கவாத்து செய்த மாதத்தைப் பாருங்கள்

கனடா போன்ற குளிர்நாடுகளில் மே மாதம் தெருவையே மணக்க வைக்கும் புதர் லைலாக். தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியிலுள்ள கல்லுமலைச் சரிவுகள் இதன் தாயகம். மைனஸ் 35 டிகிரியையும் தாங்கும். நல்ல குளிர்காலம் இல்லாவிட்டால் மொட்டு ஒழுங்காக விரியாது; சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வைத்துப் பயனில்லை.

தினமும் 6 மணி நேரமாவது நேர் வெயில் விழும், தண்ணீர் தேங்காத இடமாகப் பாருங்கள். மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) 6.5 முதல் 7 வரை இருந்தால் நல்லது. குழியை வேர்க்கட்டியைவிட இரு மடங்கு அகலமாக வெட்டுங்கள். ஆழம் வேர்க்கட்டியின் உயரமே போதும். தொட்டியில் இருந்த மட்டத்துக்குக் கீழே தண்டைப் புதைக்காதீர்கள். செடிக்குச் செடி 8 அடி இடைவெளி விடுங்கள். முதல் மூன்று நான்கு வருடம் பூ குறைவாகத்தான் இருக்கும், பொறுங்கள். எதை வாங்குவது என்று குழம்பினால் 'மேடம் லெமுவான்' வாங்கலாம்: 1890-இல் பிரான்ஸில் வந்த அடுக்கு வெள்ளை ரகம், நல்ல மணம்.

பூக்காததற்குப் பெரும்பாலும் காரணம் கத்தரிக்கோல்தான். அக்டோபரில் கிளை நுனியைக் கவனியுங்கள்: பருத்த மொட்டுகள் ஜோடியாக நிற்கும். அடுத்த மே மாதப் பூ அவற்றுக்குள் தயாராகிவிட்டது. இலையுதிர் காலத்திலோ வசந்தத் தொடக்கத்திலோ 'அழகாக' வெட்டிவிட்டால் அந்த வருடப் பூ போச்சு. பூ வாடிய இரண்டு மூன்று வாரத்துக்குள் கவாத்தை முடித்துவிடுங்கள். வாடிய கொத்தை, அதன் கீழே துளிர்க்கும் இரட்டைக் கிளைகளுக்குச் சற்று மேலே நறுக்குங்கள். வயதான புதரில் வருடந்தோறும் பழைய தடித்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தரையோடு அறுங்கள். மூன்று வருடத்தில் புதர் முழுதும் புதிதாகிவிடும்.

புல்தரைக்குப் போடும் உரம் வேரடியில் விழக்கூடாது. தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் கொழிக்கும். வசந்தத்தில் இரண்டு அங்குலம் மக்கிய உரம் போதும்.

ஒட்டுச்செடியில் ஒட்டுக்குக் கீழிருந்து வரும் பக்கக்கன்றுகளை உடனே பிய்த்துவிடுங்கள். அவை வேர்ச்செடியின் (ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் செடியின்) கன்றுகள், விட்டால் லைலாக்கையே அமுக்கிவிடும். ஆகஸ்டில் இலைமேல் வெள்ளைப் பொடியாகப் படிவது சாம்பல் நோய். பார்க்க அசிங்கமாக இருக்கும், செடி சாகாது. காற்றோட்டம் கொடுங்கள், இலைமேல் தண்ணீர் தெளிக்காதீர்கள்.

குவளையில் வைக்கக் காலையிலேயே வெட்டுங்கள். கொத்தில் பாதிக்கு மேல் விரிந்திருக்கட்டும், மொட்டாக வெட்டினால் பிறகு விரியாது. இலையை எல்லாம் உருவி, தண்டின் அடியை ஒரு அங்குலம் பிளந்து தண்ணீரில் வையுங்கள்.