மஞ்சள் ஸ்குவாஷைக் குக்கரில் வைக்காதீர்கள்

அமெரிக்காவுக்கு வந்த முதல் கோடையில், ஜூன் பிறந்ததும் எந்தச் சந்தைக்குப் போனாலும் மஞ்சள் ஸ்குவாஷ் குவிந்து கிடப்பதைப் பார்ப்பீர்கள். விலையும் அப்போதுதான் மலிவு. நிறத்தை வைத்துப் பரங்கிக்காய் என்று எண்ணிவிட வேண்டாம். பிஞ்சிலேயே பறிக்கும் இந்தக் காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். குக்கரில் ஒரே விசிலில் கூழாகிவிடும். பீர்க்கங்காய்க்கு உள்ள பக்குவமே இதற்கும் போதும். தோலைச் சீவ வேண்டாம், விதையையும் எடுக்க வேண்டாம்.

கடைகளில் அதிகம் கிடைப்பது நேராக இருக்கும் ஸ்ட்ரெய்ட்நெக். கழுத்து வளைந்தது குரூக்நெக். அமெரிக்கத் தென் மாநிலத்தவர்களின் செல்லக் காய். ருசியில் என் ஓட்டும் இதற்குத்தான். ஆனால் முற்றினால் தோல் தடித்துப் பரு பருவாகிவிடும். நுனி மட்டும் இளம்பச்சையாக இருந்தால் அது ஸெஃபிர், சதை சற்றுக் கெட்டி. தட்டையாக, ஓரம் நெளிந்திருப்பது பேட்டிபான். எதுவானாலும் சிறியதாகப் பார்த்து எடுங்கள். நீளக் காய் என்றால் ஆறேழு அங்குலம் போதும். நகம் பட்டாலே கீறும் தோல்தான் இளசுக்கு அடையாளம்.

பொரியலுக்கு அகலமான வாணலி வேண்டும். கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அரை அங்குலத் துண்டுகளைப் போட்டு, தீயைக் கூட்டி வதக்குங்கள். மூடவே கூடாது, தண்ணீரும் தெளிக்கக் கூடாது. ஓரம் லேசாகச் சிவந்து, நடுப்பகுதி கண்ணாடி போல ஆகும்போது உப்பு. முன்னதாகப் போட்டால் காய் நீர்விட்டு, வதங்காமல் வெந்துவிடும். தேங்காய்த் துருவலைத் தூவி உடனே இறக்கிவிடலாம். கூட்டு என்றால் பாசிப்பருப்பைத் தனியே வேகவைத்து, கடைசி ஐந்து நிமிடத்தில் காயைச் சேருங்கள். ஸெஃபிர் கிடைத்தால் சாம்பாரிலும் உடையாமல் நிற்கும். உள்ளூர்க்காரர்கள் வெங்காயம், சீஸ் சேர்த்து, மேலே நொறுக்கிய உப்பு பிஸ்கட்டைப் பரப்பி ஓவனில் வைக்கும் கேசரோலையும் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள், நன்றாகவே இருக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். எப்போதாவது ஒரு காய் கடுமையாகக் கசக்கும். குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள்தான் காரணம். சமைத்தாலும் அது போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோய்விடும். சேமித்த விதையிலிருந்து வீட்டுத் தோட்டத்தில் விளைந்த காய்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே அக்கம்பக்கத்தார் அன்போடு கொடுத்தாலும், நறுக்கியதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, அந்தக் காயை முழுவதுமாகக் குப்பையில் போட்டுவிடுங்கள்.