பொதுத் தரவுக்குப் பூட்டுப் போடும் முறை

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் மதிய நேரத்தில் மேசைமீது டிஷ்யூ பொட்டலம் கிடந்தால், அந்த இடத்தை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று பொருள். மேசை காலியாக இருப்பதை இருவர் ஒரே நேரத்தில் பார்த்து, இருவரும் பொட்டலத்தோடு வந்து நின்றால்தான் சிக்கல். பல செயலிகள், அதாவது கைப்பேசிச் செயலிகள் அல்ல, புராசஸர்கள், ஒரே நினைவகத்தைப் பகிரும்போது நேர்வதும் இதுவே.

ஒரு கணக்கில் 100 வெள்ளி இருப்பதாகக் கொள்வோம். ஒரு செயலி அதில் 20 வெள்ளி சேர்க்கிறது. அதே கணத்தில் இன்னொன்று 5 வெள்ளி கழிக்கிறது. நிரலில் ஒரே வரியாகத் தெரிந்தாலும், எடுப்பது, கணக்கிடுவது, திரும்ப எழுதுவது என மூன்று படிகளாக அது நடக்கக்கூடும். இரண்டுமே 100 என்று படித்துவிட்டால், கடைசியாக எழுதியது எதுவோ அதற்கேற்ப 120 அல்லது 95 நிற்கும். வரவேண்டிய 115 வராது.

ஆகவே, பகிரப்படும் மாறிகள் (மதிப்பை வைத்திருக்கும் நினைவக இடங்கள்) எங்கெல்லாம் தொடப்படுகின்றன என்று முதலில் தேடிக் குறித்துக்கொண்டு, சேர்ந்தே மாறவேண்டியவற்றுக்கு ஒரு பூட்டை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு செயலியை மட்டும் உள்ளே விடும் அடையாளத்தை, ஒதுக்குங்கள். படிப்பதுதானே என்று படிக்கும் இடத்தைப் பூட்டாமல் விடாதீர்கள். இன்டரப்டை (நடக்கும் வேலையை இடைமறித்து வேறொன்றுக்குத் தாவவைக்கும் சமிக்ஞையை) நிறுத்திவைக்கும் பழைய உத்தி ஒற்றைச் செயலிக்குப் போதும். மற்ற செயலிகளை அது தடுக்காது.

பூட்டையே சாதாரண மாறியாக வைத்து, காலியா என்று பார்த்துப் பிறகு 1 என எழுதினால், மறுபடியும் டிஷ்யூ கதைதான். பார்ப்பதும் பிடிப்பதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக இருக்கவேண்டும். வெறும் படித்தல், எழுதுதலைக் கொண்டே இதைச் சாதிக்கும் தீர்வைக் கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1965இல் வெளியிட்டார். ஆனால் இன்றைய செயலிகள் நினைவக அணுகல்களின் வரிசையை மாற்றக்கூடியவை என்பதால், அந்த வரிசையைக் காக்கும் தடுப்புக் கட்டளைகள் இல்லாமல் அத்தகைய முறைகளை நம்ப முடியாது. பார்ப்பதையும் பிடிப்பதையும் ஒரே செயலாக முடிக்கும், வன்பொருள் தரும் அட்டாமிக் கட்டளைகளையே பயன்படுத்துங்கள். சி பிளஸ் பிளஸில் 2011ஆம் ஆண்டுத் தரநிலை முதல் அவை மொழியிலேயே உள்ளன.

காத்திருப்பதிலும் நாகரிகம் வேண்டும். பூட்டு கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப முயலும் ஒவ்வொரு சுற்றிலும் அட்டாமிக் கட்டளையை ஏவினால், பூட்டு இருக்கும் கேஷ் வரி (செயலியின் வேக நினைவகத்தில் ஒன்றாக நகரும் துண்டு; இன்டெல் வகையில் 64 பைட்) செயலிகளுக்கிடையே பந்தாடப்படும். முதலில் சும்மா படித்துக்கொண்டிருந்து, காலியானதாகத் தெரிந்தபின் மட்டும் பிடிக்க முயலுங்கள். 2008இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல், பலதுறை மருந்தகத்தில் வரிசை எண் எடுப்பது போன்ற டிக்கெட் பூட்டுக்கு மாறியது, வந்த வரிசையில் இடம் கிடைக்கட்டும் என்பதற்காகத்தான். இப்படிச் சுழன்று காத்திருப்பது மிகக் குறுகிய வேலைக்கே தகும்; கோப்பு, வலையமைப்பு என்று நேரம் பிடித்தால், காத்திருக்கும் பணியைத் தூங்கவிடும் மியூட்டெக்ஸ் என்ற பூட்டைத் தேர்ந்தெடுங்கள்.

இரு கணக்குகளுக்கிடையே பணம் மாற்றும்போது இரண்டு பூட்டுகள் தேவைப்படும். எந்தத் திசையில் மாற்றினாலும், சிறிய கணக்கு எண்ணின் பூட்டையே முதலில் எடுங்கள்; இல்லையேல் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் மற்றதற்காக முடிவின்றிக் காத்திருப்பார்கள்.