குழந்தையைக் கொடுத்துவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள்

சொந்தத்திலும் நட்பிலும் யார் வீட்டிலாவது முதல் குழந்தை பிறந்துகொண்டே இருக்கிறது. தாத்தா பாட்டி ஆசையோடு உதவிக்கு வருகிறார்கள். சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பெரியவர்கள் மனம் வாடியிருக்கிறார்கள், பெற்றோர் களைத்துப் போயிருக்கிறார்கள், உதவி மட்டும் தினமும் நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் வயதுக்காரர்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். பெரியவர்களிடம் எரிந்து விழக் கூடாது, நன்றி சொல்ல மறக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். செய்யும்போது தவறு போலவே தெரியாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

"தேவைப்பட்டால் சொல்கிறோம்"

என்ன உதவி வேண்டும் என்று கேட்பவருக்கு இப்படிப் பதில் சொல்வது மரியாதை என்று நினைக்கிறோம். கேட்டவர் காதில் அது "வேண்டாம்" என்றே விழுகிறது. இரண்டு முறை இந்தப் பதிலைக் கேட்டவர்கள் மூன்றாம் முறை கேட்பதில்லை. இல்லாவிட்டால் கேட்காமலேயே வந்து, தங்களுக்குத் தோன்றியதைச் செய்கிறார்கள். அப்புறம் நாம் அதில் குறை காண்கிறோம். ஒரு நாளையும் ஒரு வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "செவ்வாய்க்கிழமை காலையில் வர்றீங்களா? துணி மடிக்க ஆள் இல்லாமல் குவிந்து கிடக்கிறது." வேண்டாம் என்றாலும் எப்போது வரலாம் என்பதைச் சேர்த்துச் சொன்னால் யாருக்கும் மனம் நோகாது.

வேலையை நாம் எடுத்துக்கொண்டு குழந்தையைக் கொடுப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். நான்கு மாதக் குழந்தை அப்போதுதான் தூங்கி எழுந்து, பால் குடித்து, கண்ணை அகல விரித்துக் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. "குழந்தையை எங்கிட்ட குடும்மா, நீ போய் உன் வேலையைப் பாரு" என்றார் அவள் மாமியார். அன்பாகத்தான் சொன்னார். அவளும் நிம்மதியோடு கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் கழுவி, துணியை எடுத்துப் போட்டு அவள் திரும்பி வந்தபோது குழந்தை சோர்ந்து சிணுங்க ஆரம்பித்திருந்தது. "அம்மாகிட்டதான் போகணுமாம்" என்று பாட்டி நீட்டினார். அழுகை அவள் தோளுக்கு வந்தது. அரை மணி நேரம் ஆட்டித் தூங்க வைத்தாள். மறுபடி விழித்ததும் அதே வரிசை. "எல்லோரும் சிரித்த குழந்தை என்கிறார்கள், எனக்கு அழுகிற குழந்தையைத்தான் தெரியும்" என்று வாசல்வரை வந்து சொன்னாள். உதவிக்கு ஆள் இருக்கும் வீட்டில் ஒரு தாய் இப்படிச் சொல்ல நேர்வது எவ்வளவு பெரிய இழப்பு!

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிறந்து மூன்று மாதம் வரை குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம், நான்கு முதல் பதினொரு மாதம் வரை 12 முதல் 16 மணி நேரம் தூங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. மிச்ச நேரத்தில் பால் குடிப்பது, அழுவது, துணி மாற்றுவது போக, தெளிவாக விழித்து நம் முகத்தைப் பார்க்கும் நேரம் சிறு சிறு துண்டுகளாகத்தான் கிடைக்கிறது. வந்தவர்கள் குழந்தையோடு இருக்க விரும்புவது சரியாக அந்தத் துண்டுகளில்தான். அதில் அவர்கள் மேல் குற்றம் இல்லை. அந்த நேரத்துக்குப் பாத்திரம் கழுவும் வேலையை நாமாகவே ஒதுக்கிக்கொள்கிறோம், அதுதான் கோளாறு.

வேலைக்குப் போகும் பெற்றோர் வீட்டில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. ஒரு வயதுக் குழந்தை பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்குகிறது. அலுவலகமும் பயணமும் போக, மாலையில் பெற்றோருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று மணி நேரம். "களைச்சு வந்திருக்கீங்க" என்று தாத்தா பாட்டியே குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைத்துவிடுகிறார்கள். பெற்றோரும், வேலை முடிந்தது, இனி நிம்மதியாகக் கொஞ்சி விளையாடலாம் என்று நினைக்கிறார்கள். விளையாடக் குழந்தை விழித்திருப்பதில்லை. குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் நமக்குத்தான் வேலை. குழந்தைக்கு அதுவே பேச்சு, அதுவே விளையாட்டு, அதுவே உறவு. பசித்தபோது யார் வருகிறார், தூக்கம் கண்ணைச் சுற்றும்போது யார் மடி என்பதை வைத்துத்தான் அது மனிதர்களை அறிகிறது. அந்த நேரங்களை முழுக்க விட்டுக்கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வெளியே கூட்டிப்போய் ஈடுகட்டப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஈடாவதில்லை. இதில் அப்பாக்கள் இன்னும் அதிகமாக இழக்கிறார்கள். பாட்டி வந்த வீட்டில் குழந்தை வேலை எதுவுமே அவர்கள் கைக்கு வருவதில்லை. மாதக்கணக்கில் ஒரு முறைகூடக் குளிப்பாட்டாத அப்பாவுக்கு, பாட்டி ஊருக்குக் கிளம்பும் நாளில் கை நடுங்காமல் என்ன செய்யும்?

சரி, எப்படிச் சொல்வது? "குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பாத்திரத்தைக் கழுவுங்கள்" என்று முகத்துக்கு நேரே சொன்னால் எந்தப் பெரியவருக்கும் வலிக்கும். பேரனையோ பேத்தியையோ மடியில் வைத்துக்கொள்ள வந்தவரை வேலைக்காரராக்கக் கூடாது. நான் பார்த்தவரை பலன் தரும் வழி, பகலில் ஒரு நேரத்தை முழுசாக அவர்களுக்கே கொடுத்துவிடுவது. காலைத் தூக்கம் கலைந்து எழும் நேரமோ, மாலை நடையோ, ஏதோ ஒன்று. அந்த நேரத்தில் நீங்கள் எட்டிப் பார்க்கவோ திருத்தவோ கூடாது. அதே போல மாலைக் குளியலும் தூங்க வைப்பதும் எங்களுடையவை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த இரண்டும் தெளிவாகிவிட்டால் மற்ற நேரத்தில் "நான் பால் கொடுத்து முடிக்கிற வரைக்கும் அந்த வேலையைக் கொஞ்சம் பார்த்துக்கிறீங்களா அத்தை?" என்று கேட்பது எளிது. தன் பங்கு பறிபோகாது என்று தெரிந்தவர் மகிழ்ச்சியாகச் செய்வார். அவர்கள் குழந்தையை வாங்கிக்கொள்ளும் நேரத்தில் நீங்கள் வீட்டு வேலையில் இறங்காதீர்கள். படுத்துத் தூங்குங்கள். இதைச் செய்யப் பலருக்கும் கூச்சமாக இருக்கிறது. பெரியவர் விழித்திருக்க நாம் படுப்பதா என்று தோன்றும். நேரடியாகச் சொல்லிவிட்டுப் படுத்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

பாட்டியிடம் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தள்ளி வைப்பது

மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் இந்தப் பக்கம் சாய்ந்துவிட வேண்டாம். குழந்தைகள் யார் யாரிடம் ஒட்டிக்கொள்கிறார்கள் என்று உளவியல் ஆய்வாளர்கள் ருடால்ஃப் ஷாஃபரும் பெக்கி எமர்சனும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1964-இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தை உளவியலில் பரவலாக அறியப்பட்டது. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் ஒட்டுதலாக இருந்தார்கள். தாத்தா பாட்டியும் அந்த வட்டத்தில் இருந்தார்கள். பாட்டியைக் கண்டதும் குழந்தை தாவுவது உங்கள் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தது இல்லை.

விடுப்பின் கடைசி நாள் வரை தள்ளிப் போடுவது

மாதக்கணக்கில் "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று இருந்துவிட்டு, வேலைக்குத் திரும்பும் நாளன்று குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் ஒப்படைப்பார்கள். குழந்தைக்கு அப்போது எட்டு, ஒன்பது மாதம் இருக்கும். பெற்றவர்களைப் பிரிந்தால் பதறும் பருவம் தொடங்குவதே ஏறக்குறைய அப்போதுதான். ஒன்றேகால், ஒன்றரை வயது வரைகூட அந்தப் பதற்றம் உச்சத்தில் இருக்கலாம். குழந்தை கத்தித் தீர்க்கும். "எங்களிடம் இருக்கவே மாட்டேன் என்கிறது" என்று பெரியவர்கள் உடைந்து போவார்கள். அம்மா அலுவலகத்தில் உட்கார்ந்து அழுவாள். சில வாரம் முன்பே தொடங்கியிருக்கலாம். முதலில் நீங்களும் அருகில் இருக்க, அப்புறம் அடுத்த அறையில் இருக்க, அப்புறம் ஒரு மணி நேரம் வெளியே போய் வர, இப்படிப் படிப்படியாக. கிளம்பும்போது ஒளிந்து போகாதீர்கள். போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டே போங்கள்.

"நாங்க வளர்க்கலையா?" என்பதோடு மோதுவது

குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்லும் பாட்டியிடம் சண்டை பிடிப்பவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் பல நாடுகளில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்களைக் குறைக்க, மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரச்சாரம் பிரிட்டனில் 1991-இலும் அமெரிக்காவில் 1994-இலும்தான் தொடங்கியது. அதன் பிறகு அந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. "நீங்கள் செய்தது தப்பு" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "அப்போது மருத்துவர் அப்படிச் சொன்னார், இப்போது மாற்றியிருக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். தடுப்பூசிக்குப் போகும்போது அவர்களையும் கூட்டிப் போங்கள், மருத்துவர் வாயாலேயே கேட்கட்டும். உயிருக்கு ஆபத்தான விஷயங்களில் மட்டும் விடாப்பிடியாக இருங்கள். மல்லாக்கத் தூங்க வைப்பது, ஒரு வயது வரை தேனை நாவில் தடவக்கூடக் கொடுக்காமல் இருப்பது போன்றவை அவை. எந்தச் சட்டை போடுவது, என்ன கதை சொல்வது என்பதில் அவர்கள் இஷ்டம்.

"உங்களால் முடியுமா?"

இந்தக் கேள்விக்கு முடியாது என்று எந்தப் பாட்டியும் சொல்ல மாட்டார். ஓடும் வயதுக் குழந்தையின் பின்னால் பகல் முழுக்க அலைந்து முழங்கால் வீங்கினாலும் சொல்ல மாட்டார். "வாரத்தில் எந்த இரண்டு நாள் உங்களுக்கு ஓய்வு வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்.

தூது விடுவது

அவரவர் பெற்றோரிடம் அவரவரே பேசுங்கள்.

இரண்டு பக்கத்துக்கும் மணிக்கணக்கில் சமம் பார்ப்பது

பார்க்காதீர்கள்.

மாத்திரைப் பை

பெரியவர்கள் வந்து இறங்கியதும் அவர்கள் கைப்பையும் மாத்திரை டப்பாவும் கைக்கெட்டாத உயரத்துக்குப் போக வேண்டும். அதற்கான இடத்தை அவர்கள் வரும் முன்பே ஒழித்து வையுங்கள்.