விளக்கடியில் பூக்காத செடிகள்

பக்கத்துத் தெருப் பெண் சென்ற வாரம் கலஞ்சோ என்னும் பூச்செடித் தொட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தடித்த இலைகள், நல்ல பச்சை, ஒரு பூச்சி பொட்டு இல்லை. "இரண்டு வருஷமாக ஒரு மொட்டுகூட இல்லை அக்கா. எலும்புத் தூள் போட்டேன், சாணக் கரைசல் ஊற்றினேன்" என்றாள். ராத்திரியில் தொட்டி எங்கே இருக்கும் என்று கேட்டேன். "வாசலில்தான். விடிய விடிய விளக்கு எரியும், பயமில்லை" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பத்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு. தண்ணீரை அளவாக ஊற்றுங்கள், தொட்டியில் ஓட்டை போடுங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிட்டு, நாம் தெரியாமல் செய்யும் சில தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இரவு விளக்கு

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 14 கலஞ்சோ தொட்டிகளும் ஆறு சாமந்தித் தொட்டிகளும் வைத்திருந்தேன். திருட்டுப் பயத்தால் மாடிப்படி அறையின் மேல் பெரிய எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் போட்டோம். அடுத்த மூன்று பனிக்காலம் மாடியில் பூ இல்லை. மண்ணைக் குறை சொன்னேன், உரத்தை மாற்றினேன். விற்றவரிடம் போய்ச் சண்டையே போட்டேன். மலட்டுச் செடி என்று முடிவுகட்டி ஏழு தாய்ச்செடிகளைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். அந்த ஏழும் நல்ல செடிகள். இன்று நினைத்தாலும் ஆறவில்லை.

தண்ணீர் டேங்க்கின் ஓரமாக இருந்த ஒரு தொட்டிதான் கண்ணைத் திறந்தது. டேங்க்கின் நிழல் அந்தச் செடியின் பாதியில் விழும். நிழல் பக்கத்துக் கிளைகளில் அரிசி மணி அளவில் மொட்டுகள் கொத்துக்கொத்தாக நின்றன. விளக்கைப் பார்த்த கிளைகளில் வெறும் இலை. ஒரே வேர், ஒரே மண், ஒரே தண்ணீர். வேறுபாடு வெளிச்சம் மட்டுமே.

கலஞ்சோ, சாமந்தி, கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவக்கும் பாயின்செட்டியா ஆகிய மூன்றும் இரவின் நீளத்தைக் கணக்கிட்டுப் பூப்பவை. தொடர்ந்து இத்தனை மணி நேரம் இருட்டு என்று இலை உணர்ந்தால்தான் மொட்டு கட்டும். நடுவில் வெளிச்சம் பட்டால் அந்தக் கணக்கு அறுந்துபோகும். பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்பவர்கள் சீக்கிரம் மொட்டு வரக் கூடாது என்பதற்காகவே இரவில் பல்பு எரிய விடுவார்கள். அவர்கள் தெரிந்து செய்வதை நாம் தெரியாமல் வீட்டில் செய்துகொண்டிருக்கிறோம்.

சேலத்துக்காரர்கள் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். ஆனி மாதத்தில் இரவு 11 மணி நேரத்துக்குச் சற்று மேல். மார்கழியின் மிக நீண்ட இரவும் பன்னிரண்டரை மணி நேரம்தான். செடிக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமான இருட்டு. மாலை ஏழு வரை வராந்தா விளக்கு எரிந்தாலே அந்த லாபம் போய்விடும்.

ஆகவே ஐப்பசி பிறந்ததும் கலஞ்சோ தொட்டியை மாலை ஐந்தரைக்கு மூடி, காலை ஏழரைக்குத் திறங்கள். 14 மணி நேர இருட்டு, ஆறு வாரம். அட்டைப்பெட்டி போதும். ஆனால் அது ஐப்பசி மழையில் ஊறிவிடும் என்பதால் நான் தொட்டிகளைச் சாமான் அறைக்குள் தூக்கி வைத்துவிடுகிறேன். அந்த அறையில் யாரும் சுவிட்சைத் தட்டக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பகலில் நல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். இன்று மூடி நாளை விட்டுவிட்டால் பட்ட பாடு வீண். விடாமல் செய்தால் தைப் பொங்கலை ஒட்டிப் பூ விரியும். தெருவிளக்கை நாம் அணைக்க முடியாது. அந்தப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் கறுப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். சாமந்திக்கு அந்த மறைப்பே போதும்.

மலர்க் கண்காட்சிக்குப் போய் எச்சிவேரியா வாங்குவது

மே மாதம் ஏற்காட்டுக்குப் போகிறோம். ரோஜாப் பூப் போல அடுக்கிய இலைகளோடு எச்சிவேரியாவைப் பார்த்ததும் மனம் கேட்பதில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மடியில் வைத்துக்கொண்டே இறங்கி, மறுநாள் மாடியில் வைக்கிறோம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டர்கூட இல்லை. எட்டு டிகிரி வரை வெப்பம் மாறிவிடுகிறது.

செடி செத்துப்போனதும் வெயில்தான் கொன்றது என்று நிழல்வலை வாங்கிக் கட்டுகிறார்கள். நானும் கட்டினேன். அதற்குப் பிறகும் செத்தன. பெரும்பாலான சதைப்பற்றுச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்துதான் கரியமில வாயுவை எடுக்கும். அதற்கு இரவு குளிர வேண்டும். சித்திரையில் நம் காங்கிரீட் தளம் நள்ளிரவிலும் கைவைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது. அதன் மேல் நேராக உட்கார்ந்திருக்கும் மலைச்செடி ஓய்ந்துபோகும். நடு இலைகள் கண்ணாடி போல மாறினால் முடிந்தது.

வாங்கியே ஆக வேண்டுமென்றால் கார்த்திகைக்குப் பிறகு வாங்குங்கள். தரையில் வைக்காமல் செங்கல் அடுக்கி அதன் மேல் பலகை போட்டு, காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கமாக வையுங்கள். கோடையைத் தாங்கும் செடிதான் வேண்டுமென்றால் பாலைவன ரோஜா என்னும் அடீனியம், கிறிஸ்து முள், சோற்றுக் கற்றாழை இருக்கின்றன. நம் பக்கத்துக் கரடுகளில் தானாக முளைக்கும் கள்ளிமுளையான் என்னும் சதைப்பற்றுச் செடியை ஏன் யாரும் தொட்டியில் வைப்பதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. நெருங்கிப் பார்த்தால் அதன் பூவில் அவ்வளவு நுணுக்கம்.

வெண்பொடியைத் துடைப்பது

எச்சிவேரியா போன்ற செடிகளின் இலைமேல் படிந்திருக்கும் வெண்பொடி தூசி இல்லை, செடியின் வெயில் கவசம். விரல் பட்ட தடம் அந்த இலை உதிரும்வரை மாறாது.

ஐப்பசியில் டிசம்பர் பூச்செடியை வெட்டுவது

வெட்டாதீர்கள். மொட்டு நுனியில்தான் இருக்கிறது. பூத்து முடிந்து மாசியில் வெட்டுங்கள்.

இலை உதிர்ந்த அடீனியத்துக்கு இரக்கப்படுவது

மார்கழிப் பனியில் அடீனியம் இலையைக் கொட்டும். செடி சாகிறது என்று பதறி, தினம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். அப்போதுதான் உண்மையில் சாகத் தொடங்கும். இலை இல்லாத செடி தண்ணீரை இழுப்பதில்லை, வேர் ஈரத்திலேயே கிடந்து அழுகும்.

அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல் போல இருந்தால் உறங்குகிறது, விட்டுவிடுங்கள். தோல் சுருங்கிக் கொஞ்சம் தளர்ந்திருந்தால் தாகம், ஒரு முறை அரைச் செம்பு ஊற்றலாம். ஒரே இடத்தில் பொதபொதவென்று அமுங்கி, நாற்றமும் வந்தால் அழுகல். அன்றே பிடுங்கி, பழுப்பு நீங்கி வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி, நிழலில் ஒரு வாரம் காயவிட்டு மறுபடி நடுங்கள். மாசியில் நுனிகளில் துளிர் தெரிந்த பிறகு தண்ணீரைக் கூட்டலாம்.